கைவந்த கலை கைவிடும்போது: கோல்ஃபில் ஆட்டத்திறன் சரிவும் மீட்பும்

1995 ஜூலையில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் ஓப்பன் சாம்பியன்ஷிப் நடந்தது. முதல் டீயில், அதாவது முதல் பந்தை அடிக்கும் இடத்தில், ஆஸ்திரேலியர் இயன் பேக்கர்-ஃபிஞ்ச் நின்றார். உடன் ஆட வந்தவர் ஆர்னால்ட் பாமர். அவருக்கு அது கடைசி ஓப்பன். முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் அங்கே ஒரே ஃபேர்வே. நூறு கஜத்துக்கு மேல் அகலம், இடையில் மணற்குழி ஒன்றுகூடக் கிடையாது. பேக்கர்-ஃபிஞ்ச் அடித்த பந்து இடப்பக்கம் வளைந்து, பதினெட்டாம் குழிக்குரிய பகுதியையும் தாண்டி, எல்லைக்கு வெளியே போய் விழுந்தது. அதே போட்டியை நான்கு ஆண்டுகளுக்கு முன் ராயல் பர்க்டேலில் வென்றவர் அவர். அப்போது கடைசிச் சுற்றின் முதல் ஒன்பது குழிகளை 29 அடிகளில் முடித்திருந்தார்.

1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பிஜிஏ டூரில் அவர் ஆடிய போட்டிகள் 29. ஒவ்வொன்றிலும் 'கட்' (தொடர்ந்து ஆடுவதற்கான தகுதிக்கோடு) தவறினார், அல்லது பாதியில் விலகினார், அல்லது தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 1997இல் ட்ரூனில் நடந்த ஓப்பனின் முதல் சுற்றில் 92 அடித்துவிட்டு, உடைமாற்றும் அறையில் அழுதார். அதோடு போட்டி ஆட்டத்தை விட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதை மனவுறுதி குலைந்த ஒருவரின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டத்திறன் சரிவு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் உடனடியாக ஸ்விங்கை, அதாவது மட்டை வீச்சை, திருத்தக் கிளம்புவதுதான், சில வாரங்களில் தானே தணிந்திருக்கக்கூடிய ஒரு சரிவைப் பல ஆண்டுகளுக்கு இழுத்துவிடுகிறது. பேக்கர்-ஃபிஞ்ச் பட்டம் வென்றபின் பந்து இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும் என்று ஸ்விங்கை மாற்றத் தொடங்கினார். சரிவு தொடங்கிய பிறகு ஒரு பயிற்சியாளரிடமிருந்து இன்னொருவரிடம், ஒரு யோசனையிலிருந்து அடுத்ததற்கு என்று அலைந்தார். பயிற்சித் திடலில் அவர் பந்து நேராகவே பறந்தது. டீயில் நின்றால்தான் தடுமாற்றம். இந்த வேறுபாடு முக்கியமானது. உடலிலிருந்து திறமை அழிந்திருந்தால் அது திடலிலும் அழிந்திருக்க வேண்டும்.

முதல் நிகழ்வு சரிவே அல்லாத சரிவு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூரின் அடிவாரியான பதிவுகளை ஆராய்ந்தவர். அவர் கணக்குப்படி எட்டடித் தூரத்து பட்டை (கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடியை) தொழில்முறை ஆட்டக்காரர்கள் பாதிக்குப் பாதிதான் குழியில் போடுகிறார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு இது நம்பமுடியாத எண்ணாகத் தோன்றும். வெற்றி பெறுகிறவரின் பட்களைத்தானே கேமரா காட்டுகிறது. இந்த ஐம்பது சதவீதத்தை வைத்துக்கொண்டு நாமே கணக்குப் போடலாம். ஒரு சுற்றில் எட்டடி பட் பத்து வந்தால், மூன்றோ அதற்குக் குறைவோ மட்டும் விழுவதற்கான வாய்ப்பு 1024இல் 176. அதாவது ஆறு நாளில் ஒரு நாள், எந்தக் குறையும் இல்லாத ஆட்டக்காரரே பத்தில் ஏழைத் தவறவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு கிரீனைவிட்டு இறங்குவார். அன்றிரவு அவர் பட்டரை மாற்றினால், மறுநாள் பெரும்பாலும் பழைய சராசரிக்குத் திரும்பியிருப்பார். புதிய பட்டருக்கு நல்ல பெயர் கிடைக்கும். அதைவிட ஆபத்தானது, அன்றிரவு அவர் கைப்பிடியை மாற்றுவது. தற்செயலாக நேர்ந்த ஒன்றுக்கு அவர் தன் உடம்புக்குள் காரணம் தேடத் தொடங்கிவிட்டார்.

இரண்டாவது, உடம்பும் கருவியும் பற்றியது. முதுகு வலி ஒரு ஆட்டக்காரரின் திருப்பத்தை விரல்கடை அளவு குறைக்கிறது. கைகள் அதை ஈடுகட்டப் பழகுகின்றன. வலி போன பின்னும் ஈடுகட்டல் போவதில்லை. 1999இல் உலகின் முதலிடத்தில் இருந்த டேவிட் டுவால், அந்த ஆண்டு ஜனவரியில் பாப் ஹோப் போட்டியின் கடைசிச் சுற்றில் 59 அடித்தவர், 2001இல் ஓப்பனையும் வென்றவர். அதற்குப் பிறகு பிஜிஏ டூரில் ஒரு வெற்றிகூட இல்லை. அவர் சரிவில் முதுகுக் காயத்துக்கும் தலைச்சுற்றலுக்கும் பங்குண்டு. இத்தகைய சரிவில் ஆட்டக்காரர் முதலில் பார்க்க வேண்டியவை அசையாத பொருள்கள்: பாதங்கள் எந்தத் திசை பார்க்கின்றன, பந்து இரு கால்களுக்கு நடுவே எங்கே இருக்கிறது, கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழுக்குகிறதா. இவற்றைச் சரிபார்க்க ஸ்விங்கைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ஒரு நாள் வங்கிக்குப் போகிறோம். கையெழுத்து பொருந்தவில்லை என்று கவுண்டரில் இருப்பவர் படிவத்தைத் திருப்பித் தருகிறார். முப்பது ஆண்டுகளாகப் போட்ட கையெழுத்து. இந்த முறை கவனமாகப் போடுகிறோம். முதல் எழுத்தின் வளைவு எங்கே தொடங்கும், அடிக்கோடு எவ்வளவு நீளும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து இழுக்கிறோம். முன்னதைவிட மோசமாக வருகிறது. மூன்றாவது கையெழுத்து, குழந்தை எழுதியதுபோல. பேனா, கை, கண் எல்லாம் பழையவைதான். கையிடம் இருந்த வேலையை அறிவு எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பது அறிவுக்குத் தெரியாது. 'கைவந்த கலை' என்று தமிழில் சொல்கிறோமே, அந்தத் தொடர் இந்த விஷயத்தில் மிகத் துல்லியமானது. கலை போய்ச் சேர்ந்த இடம் கை.

இதைச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. 1992இல் ஆய்வாளர் ரிச் மாஸ்டர்ஸ் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃப் தெரியாதவர்கள் நானூறு பட்களை அடித்துப் பழகினார்கள். ஒரு குழுவுக்கு எப்படி நிற்பது, எப்படி அடிப்பது என்ற விதிகள் சொல்லித்தரப்பட்டன. இன்னொரு குழு பட் அடித்துக்கொண்டே வாயால் எழுத்துகளை ஒழுங்கில்லாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். விதிகளை யோசிக்க மனத்துக்கு இடமில்லை. பிறகு பணமும் மதிப்பீடும் சேர்ந்த நெருக்கடியில் இருவரையும் ஆடவிட்டபோது, விதிகளோடு பழகியவர்கள் தேங்கினார்கள். விதி தெரியாமல் பழகியவர்கள் தொடர்ந்து முன்னேறினார்கள். 2004இல் ஷான் பைலாக்கும் உடன் ஆய்வாளர்களும் செய்த பட்டிங் சோதனை இன்னும் கூர்மையானது. தன் அசைவைக் கவனி என்றபோது புதியவர்கள் நன்றாக ஆடினார்கள், தேர்ந்தவர்கள் கெட்டார்கள். கவனத்தை வேறொரு வேலையில் திருப்பியபோதும், சீக்கிரம் அடி என்று அவசரப்படுத்தியபோதும் நிலைமை தலைகீழானது. ஆக, புதியவருக்கு மருந்தாகும் அறிவுரையே தேர்ந்தவருக்குத் தீங்காகிறது. சரிவில் இருக்கும் தேர்ந்த ஆட்டக்காரரைச் சுற்றி நிற்கும் நண்பர்கள் அனைவரும் அவருக்குத் தருவது புதியவருக்குரிய மருந்து: தலையைத் தூக்காதே, முழங்கையை ஒட்டி வை, மணிக்கட்டைப் பூட்டு. அன்போடுதான் தருகிறார்கள். அவர் அடுத்த அடிக்கு இந்த மூன்றையும் சுமந்துகொண்டு போகிறார்.

இதை ஒட்டியே யிப்ஸையும் பார்க்க வேண்டும். கையளவுத் தூர பட்டில் மணிக்கட்டு வெட்டியிழுக்கும் அந்தக் கோளாறுக்கு இப்பெயரைப் பரப்பியவர் 1927 யு.எஸ். ஓப்பன் வெற்றியாளர் டாமி ஆர்மர். மேயோ கிளினிக்கில் ஆய்ந்தவர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் இதை ஒரு நீள்கோடாகக் கண்டார்கள்: ஒரு முனையில் எழுத்தர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் வரும் தசை இழுப்பு போன்ற நரம்புக் கோளாறு, மறுமுனையில் நெருக்கடியில் பதறுவது. நரம்பு முனையில் இருப்பவரிடம் 'பதறாதே' என்று சொல்வது பயனற்றது மட்டுமல்ல, அநீதியும்கூட. தன் மனம் கோழை என்று அவர் நம்பத் தொடங்கிவிடுவார். இவ்வகைக்கு உதவியவை அசைவையே மாற்றிய வழிகள்தாம்.

அதற்குச் சிறந்த சாட்சி பெர்ன்ஹார்ட் லாங்கர். ஒருமுறை அல்ல, பலமுறை யிப்ஸ் வந்து மீண்டவர் இந்த ஜெர்மானியர். ஒரு கட்டத்தில் இடக்கையைத் தண்டின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி, பட்டரின் மேல்முனையை இடது முன்கையோடு சேர்த்து வலக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு ஆடினார். பார்க்க அழகாக இராது. ஆனால் வெட்டியிழுக்கும் மணிக்கட்டுக்கு அதில் வேலையே இல்லை. பின்னர் நீண்ட பட்டருக்கு மாறினார். பட்டரை உடம்பில் ஊன்றி அடிப்பது 2016இல் தடை செய்யப்பட்டபோது, ஊன்றாமலேயே அதை ஆடக் கற்றுக்கொண்டார். ஐரோப்பிய அணியும் அமெரிக்க அணியும் மோதும் ரைடர் கோப்பையில், 1991இல் கியாவா தீவில், முடிவைத் தீர்மானித்த ஆறடி பட்டை அவர் தவறவிட்டது உலகமே அறிந்தது. அடுத்த வாரமே ஜெர்மன் மாஸ்டர்ஸை வென்றதைப் பேசுகிறவர்கள் குறைவு. பழைய பட்டிங்கை மீட்டெடுக்க அவர் முயலவில்லை. அது தேங்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒவ்வொரு முறையும் புதுப் பாதை வெட்டினார்.

என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான உதாரணம் உண்டு. அதைத் தாண்டாமல் போக முடியாது. ஆங்கிலேயர் நிக் ஃபால்டோ 1985 முதல் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டருடன் சேர்ந்து தன் ஸ்விங்கை அடியோடு பிரித்து மீண்டும் கட்டினார். இரண்டு ஆண்டுகள் ஆட்டம் தாழ்ந்தது. 1987இல் மியூர்ஃபீல்டில் கடைசிச் சுற்றின் பதினெட்டுக் குழிகளிலும் பார் (குழிக்கென வகுத்த அடிக்கணக்கு) அடித்து ஓப்பனை வென்றார். டைகர் வுட்ஸ் 1997 மாஸ்டர்ஸை 12 அடி வித்தியாசத்தில் வென்ற பிறகே பயிற்சியாளர் புட்ச் ஹார்மனுடன் ஸ்விங்கை மாற்றினார். 1998இல் பிஜிஏ டூரில் ஒரே வெற்றி, 1999இல் எட்டு. ஆகவே ஸ்விங் தொடக்கூடாத விக்கிரகமா என்றால், இல்லை. ஆனால் இருவரும் மாற்றிய சூழலைப் பாருங்கள். சரிவின் பீதியில் அவர்கள் மாற்றவில்லை. ஒரே ஆசிரியர், ஒரே திட்டம், இடையில் தோற்பதற்கு முன்கூட்டியே கொடுத்த சம்மதம். விதிகள் மறுபடி கைக்குள் இறங்கும்வரை காத்திருந்தார்கள். சரிவில் இருப்பவருக்கு இல்லாதது இந்தக் காத்திருப்புதான். செவ்வாய்க்கிழமை கேட்ட யோசனை வியாழக்கிழமை டீயில் பலன் தர வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார்.

சரிவு ஆட்டத்தின் எல்லாப் பகுதியையும் ஒருசேரத் தாக்குவதும் அரிது. 1995 ரைடர் கோப்பையில், ஓக் ஹில்லில், சரிவில் இருந்த ஸ்பானியர் செவெ பாய்யெஸ்தெரோஸ் அமெரிக்கர் டாம் லேமனுக்கு எதிராக ஆடிய தனியாட்டம் இதற்குச் சான்று. ஃபேர்வேயைக் கண்டுபிடிக்கவே முடியாமல் மரங்களுக்குள்ளிருந்தே ஆடினார். ஆனால் கிரீனுக்கு அருகே அவர் கை பழைய கையாகவே இருந்தது. தோற்றார், எனினும் முதல் ஒன்பது குழிகளில் லேமனை எளிதில் தப்ப விடவில்லை. பிராடியின் முறை இங்கே மருத்துவரின் கைவிளக்குபோல உதவும். பத்துச் சுற்றுகளின் அடிகளை டிரைவ், கிரீனை நோக்கிய அடி, கிரீனைச் சுற்றிய அடி, பட் என்று பிரித்து எழுதிப் பார்த்தால் இழப்பு எங்கே என்பது தெரியும். 'எல்லாம் போய்விட்டது' என்று வந்த ஆட்டக்காரரின் தாளில் பெரும்பாலும் ஏதோ ஒரு பகுதிதான் கசிந்திருக்கும். எண்ணுவதற்கு இன்னொரு பயனும் உண்டு: அந்தப் பத்துச் சுற்றுகள் முடியும்வரை எதையும் மாற்றாமலிருக்க அது ஒரு காரணம் தருகிறது.

அந்த இடைவெளியில் கவனத்தை எங்கே வைப்பது? கேப்ரியேல் வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் சிறு பிட்ச் அடிகளைச் சோதித்தபோது, கைகளின் அசைவை நினைத்தவர்களைவிட மட்டையின் ஊசலை நினைத்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். கவனம் உடம்புக்கு அப்பால் போனாலே போதும். பந்து எங்கே தரையிறங்க வேண்டும் என்று ஒரு புல்திட்டைத் தேர்ந்து அதையே பார்ப்பது பழைய ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த வழிதான். பயிற்சித் திடலில் ஒரே மட்டையால் நூறு பந்தை வரிசையாக அடிப்பதை அந்த வாரங்களில் நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. அங்கே அசைவைப் பார்க்க நேரம் மிகுதியாகக் கிடைக்கிறது, தவறுக்கு விலையில்லை. ஒவ்வொரு பந்துக்கும் மட்டையும் இலக்கும் மாறினால் திடல் சற்றேனும் ஆட்டக்களத்தை ஒத்திருக்கும்.

பேக்கர்-ஃபிஞ்ச் இப்படிச் செய்திருந்தால் மீண்டிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனிதரின் வாழ்க்கையை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கூடம் இல்லை. ஆனால் திறமை அழிந்துவிடுகிறதா என்ற கேள்விக்கு டுவால் ஒரு பதில் வைத்திருக்கிறார். 2009 ஜூனில் பெத்பேஜ் பிளாக்கில் யு.எஸ். ஓப்பன். உலகத் தரவரிசையில் 882ஆம் இடத்தில் இருந்த டுவால், தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்திருந்தார். மழையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன கடைசிச் சுற்றில் 14, 15, 16 ஆகிய மூன்று குழிகளிலும் தொடர்ந்து பேர்டி (பாருக்கு ஓர் அடி குறைவு) அடித்து முன்னணியைத் தொட்டார். பதினேழில் பாருக்கான பட் குழியின் விளிம்பைத் தொட்டு வெளியே வந்தது. இரண்டு அடி வித்தியாசத்தில், இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.