இடுப்பில் ஏறிய தென்னாட்டுத் துறவி

கொல்கத்தாத் தமிழர்களுக்கு ஜப்பான் அவ்வளவு அந்நியமல்ல. லேக் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு 1935-ல் நிறுவப்பட்ட ஜப்பானியப் புத்தர் கோயில் தெரியும். ஒகாகுரா காகுசோ 1902-ல் இந்நகரில் தாகூர் குடும்பத்தாரோடு பழகியதையும் படித்திருப்போம். நான் சொல்லப்போவது அதற்கும் முந்திய உறவு. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொருள் அதற்குச் சாட்சி. பெயர் நெட்சுகே.

நெட்சுகேன்னா என்ன? கிமோனோவில் நம் சட்டைப்பை மாதிரி எதுவும் கிடையாது. ஆகவே ஆண்கள் புகையிலைப் பையையும் மருந்துச் சிமிழையும் கயிற்றில் கட்டி, இடுப்புக் கச்சைக்குள் கொடுத்து மேலே இழுத்து, நழுவாமலிருக்க நுனியில் ஒரு குமிழ் கோத்தார்கள். நம் பாட்டிமார் இடுப்பில் சுருக்குப்பை செருகிக்கொண்ட மாதிரிதான். எடோ காலத்தில் (1603–1868) இக்குமிழ் தந்தத்திலும் மரத்திலும் செதுக்கும் கலையாகவே வளர்ந்தது. 1781-ல் ஒசாகாவில் வெளிவந்த ‘சோகென் கிஷோ’ ஐம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் குறிப்பிடுகிறது.

அவர்கள் நரி, பேய், நாட்டுக்கதை மாந்தர் என்று எல்லாவற்றையும் செதுக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் உண்டு! அரிசி மூட்டையோடு சிரிக்கும் தைகோகு, மூலத்தில் நம் மகாகாலர். பென்தென் சரஸ்வதி. தருமா என்பவர் போதிதர்மர். ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்துத் தியானித்தவர் என்பது கதை. நெட்சுகேயிலோ அவர் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்து, வாய் பிளந்து கொட்டாவி விடுகிறார்!

அவர் காஞ்சிப் பல்லவ இளவரசர் என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். சரித்திரம் கொஞ்சம் நிதானிக்கச் சொல்கிறது. பழைய சீன முன்னுரை ஒன்று தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறது. 547-ஐ ஒட்டி எழுதப்பட்ட லோயாங் மடாலய வரலாறு பாரசீகர் என்கிறது. காஞ்சி என்பது பிற்கால மரபு.

என்னைக் கேட்டால், பிறந்த ஊரைவிடப் போன இடத்தில் அவர் என்ன ஆனார் என்பதே நமக்கு முக்கியம். மடத்திலேயே இருந்திருந்தால் பண்டிதர்கள் மட்டுமே அறிந்திருப்பார்கள். மக்கள் தங்கள் வீட்டு மனிதராக எண்ணிக் கேலியும் செய்ததால்தான் கடைக்காரன் இடுப்பிலும் ஏறினார். ஆனால் தருமா என்ற பெயருக்குள் ‘போதிதர்மர்’ மறைந்தே போனார்.

நம் பிள்ளைகள் முருகனைக் ‘கார்த்திக் டாக்கூர்’ என்றால் நமக்குச் சுருக்கென்கிறது. கோபப்பட வேண்டாம், அவனும் இங்கே வேரூன்றியவன்தான். பூஜைப் பந்தலில் மயில்மேல் இருப்பவனைக் காட்டும்போது, பழனிக் கதையையும் கூடவே சொல்லிவையுங்கள்.