மார்ச் 1, 1993: ஒரு சுவிட்ச் காட்டிய தேதி

சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. மார்ச் மாத நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். போனால், தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. "புதுசா சேர்ந்த பையன்தான் சார், லாக்லயே இருக்கு பாருங்க" என்று மேலாளர் ஒரு தாளை நீட்டினார்.

சிஸ்கோ சுவிட்சின் லாக். மார்ச் 1 தேதியிட்ட ஒரு வரி: சிஸ்-5-கான்ஃபிக்_ஐ, "கான்ஃபிகர்ட் ஃப்ரம் மெமரி பை கன்சோல்". அன்று சர்வர் அறையில் இருந்தது பையன் மட்டும்தானாம். "நான் எதையும் தொடலை சார்" என்றான். யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

தேதிக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 'என் கடிகாரத்தை நம்பாதே' என்று சுவிட்சே சொல்லும் அடையாளம் அது. 'ஷோ கிளாக்' போட்டேன். வருடம் 1993 என்றது! அந்த வகை சுவிட்சுகளில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய்வந்தால் 1993 மார்ச் 1, நள்ளிரவிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். 'ஃப்ரம் மெமரி' என்றால், ஆன் ஆகும்போது தன் நினைவகத்தில் இருக்கும் அமைப்பைத் தானே எடுத்துக்கொண்டது என்று பொருள். மனிதக் கை படவே இல்லை. 'ஷோ வெர்ஷன்' போட்டால், கடைசியாக எழுந்தது 'பவர்-ஆன்' மூலம் என்று தெளிவாக இருந்தது.

கல்வெட்டு படிப்பவர்களுக்கு இது பழகிய சிக்கல். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ராஜராஜன் செப்புக்குடம் கொடுத்தது அவனுடைய 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள். அவன் பட்டத்துக்கு வந்தது 985இல் என்று வேறு சான்றால் தெரிந்ததால்தான் நமக்கு 1010 என்று கணக்கு வருகிறது. சுவிட்சும் தன் ஆட்சியாண்டைத்தான் சொல்கிறது. பட்டமேற்ற நாளை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த லாக் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1980களில் பெர்க்லியில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலை எழுதிய எரிக் ஆல்மன், அதன் செய்திகளைப் பதிவு செய்ய உருவாக்கியதே சிஸ்லாக். பிறகு மற்ற நிரல்களும், ரவுட்டர்களும், சுவிட்சுகளும் அதையே எடுத்துக்கொண்டன. பிறந்த வீட்டு அடையாளம் இன்னும் போகவில்லை: செய்தி எந்தப் பிரிவுடையது என்று சொல்லும் எண்களில் 2 இன்றும் மெயிலுக்குத்தான். தீவிரத்துக்கு 0 முதல் 7 வரை. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். பையனை மாட்டிவிட்ட வரியில் இருந்த 5 வெறும் 'கவனிக்க' என்ற அளவுதான்.

இருபது வருடம் போல எழுதப்படாத வழக்கமாகவே ஓடிய இதை, 2001இல்தான் ஆர்எஃப்சி 3164 ஆவணமாக்கியது. அதில் உள்ள நேர வடிவத்தில் வருடமே கிடையாது! மாதம், நாள், மணி மட்டும்தான். 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424தான் வருடத்தைச் சேர்த்தது. எங்கள் சுவிட்ச் பழைய வழக்கப்படி வருடம் இல்லாமல் 'மார்ச் 1' என்றது. மேலாளர் அதை இந்த வருட மார்ச் 1 என்று படித்துவிட்டார். அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது.

ரேக்கின் யூபிஎஸ்ஸுக்கு வரும் ஈபி மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தோம். சில நொடிகூடத் தாங்கவில்லை, பேட்டரி செத்திருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் சுவிட்ச் விழுந்து எழுந்திருக்கிறது. லாக் இருந்ததோ ராம் நினைவகத்தில், அதனால் ஒவ்வொரு தடவையும் பழைய சாட்சியம் அழிந்து, புதிய 'மார்ச் 1' பிறந்திருக்கிறது.

பேட்டரியை மாற்றி, என்டிபி வழியாகச் சரியான நேரம் கொடுத்து, லாக் வேறொரு கணினியிலும் சேரும்படி செய்தோம். அந்த வேலைகளை மேலாளர் பையனிடமே கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பையன் மட்டும் என்னிடம் வந்து, "அந்த நட்சத்திரக் குறியை எங்க சார் பார்க்கணும்?" என்று கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.