கதவைத் தட்டிய மூன்று பெண்கள்

(தலைப்பு: சமுதாய மாற்றத்திற்குப் பெரிதும் துணை நிற்பது சட்டமா? தொண்டா?)

நடுவர் அவர்களே, எதிரணியில் சட்டப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, சமையலைப் பாதியில் விட்டுவிட்டு டி.வி. முன்னால் வந்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைச் சட்டத்தின் பக்கம் சாட்சிக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டு என்ன பண்ணினார்? அம்மையாரைச் சட்டசபை நாற்காலியில் உட்கார வைத்தார், தேவதாசி ஒழிப்புச் சட்டம் என்று ஒரு வரி சொன்னார், மைக்கை விட்டு இறங்கிவிட்டார். (சிரிப்பு) அய்யா, அந்த அம்மா 1886இல் பிறந்து 1968இல் மறைந்தவர். ஏறக்குறைய 82 வருஷம் வாழ்ந்தவர். அதில் சட்டசபையில் இருந்தது நாலு வருஷம்கூட இல்லை. மீதி 78 வருஷம் எங்கே போயிற்று? அந்தக் கணக்கைத்தான் நான் கேட்கிறேன்.

புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், கல்வித் துறையில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்த இரண்டாவது செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மேலே படிக்க வேண்டுமானால் ஊரில் இருந்தது ஆண்கள் படிக்கிற மகாராஜா கல்லூரி ஒன்றுதான். பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கெட்டுப்போவது பையன்கள், வீட்டில் இருக்க வேண்டியது பெண்ணா? என்ன நியாயம் இது! (கைதட்டல்) மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு இடமும் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் அவர் போட்ட நிபந்தனை தெரியுமா? என்னைச் சமமாக மதிக்க வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது. மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார். இங்கே இருக்கிற மாப்பிள்ளைகள் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். (சிரிப்பு)

மேல்படிப்புக்காக லண்டன் போனார். திரும்பி வந்ததும், சட்டசபைக்கு வரவேண்டும் என்று இந்திய மாதர் சங்கத்தார் அழைத்தார்கள். மருத்துவம் கெட்டுவிடுமே என்று தயங்கித்தான் சம்மதித்தார். வந்ததும் சபையின் துணைத் தலைவராகவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

இப்போது எதிரணிக்கு ஒரு சந்தோஷச் செய்தி. உங்கள் பக்கத்து நியாயத்தை உங்களைவிட நன்றாக நான் சொல்கிறேன், கேளுங்கள்.

கோயிலில் பொட்டுக்கட்டிய பெண்ணுக்கு மானியமாக நிலம் விட்டிருந்தார்கள். சும்மா இல்லை. ஊழியம் செய்கிற வரைக்கும்தான் நிலம். அந்த அம்மாளுக்கு வயசாகிவிட்டது, ஊழியம் செய்ய ஆள் இல்லை என்றால் நிலம் கைவிட்டுப் போய்விடும். அப்புறம் சோற்றுக்கு என்ன செய்வது? மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டும். மகள் இல்லையா, ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்தாவது கட்ட வேண்டும். பக்தி, மரபு என்று நாம் மேடையில் பேசுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு காணி நிலம் ஒரு சிறுமியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் அல்லவா, வியாதி எங்கே இருக்கிறது என்று கையை வைத்துப் பார்த்துவிட்டார். 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஊழியம் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, நிலம் அந்தப் பெண்ணுக்கே சொந்தம். ஒரு சிறு வரி கட்டினால் போதும். என் கணக்கில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட இந்தத் திருத்தம்தான் பெரிய காரியம். யாரையும் குற்றவாளி ஆக்காமல் கட்டை மட்டும் அவிழ்த்துவிட்ட சட்டம் இது. இதற்கு நானே கை தட்டுகிறேன்.

ஆனால் அதற்கடுத்த மசோதா, பொட்டுக்கட்டுவதே குற்றம் என்ற மசோதா, 1930இல் வந்தது. அதை எதிர்த்தவர்கள் ஆண்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினாரே பெங்களூர் நாகரத்தினம்மாள், அவரும் மற்ற தேவதாசிப் பெண்களும் சங்கம் கூட்டி எதிர்த்தார்கள். எங்களையெல்லாம் ஒரே தட்டில் வைத்து இழிவாகப் பேசாதீர்கள், எங்களுக்குக் கலை இருக்கிறது, சொத்துரிமை இருக்கிறது என்றார்கள். அதிலே நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. மகளுக்குச் சொத்தில் பங்கு இல்லாத காலத்தில் அவர்கள் வீட்டில் பெண்ணுக்குச் சொத்து இருந்தது. பாட்டும் பரதமும் அவர்கள் வீட்டில் வளர்ந்தது. பின்னாளில் அந்தக் கலை மரியாதையாக மேடை ஏறியபோது, அதைக் காப்பாற்றிக் கொடுத்த பல குடும்பங்கள் மேடைக்குக் கீழே நின்றன. அதே மரபில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ ஊர் ஊராகப் போய், இந்த முறை ஒழிய வேண்டும் என்று பேசினார், நாவலே எழுதினார். ஒரே மரபுக்குள் இரண்டு குரல். சட்டம் வேண்டும் அல்லது வேண்டாம் என்றுதான் சொல்ல முடியும். இந்த இரண்டு குரலையும் அதன் ஒரு வரிக்குள் அடைக்க முடியுமா?

சரி, மசோதா என்ன ஆயிற்று? அந்த வருஷமே உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகளைக் கைது செய்தார்கள். துணைத் தலைவர் பதவி, சபை உறுப்பினர் பதவி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார் அம்மையார். மசோதா தொங்கியது. சட்டமாக வந்தது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947இல். நடுவே 17 வருஷம்!

இங்கேதான் நடுவர் அவர்களே, நான் நிறுத்திக் கேட்கிறேன். சட்டம் வரும் வரும் என்று இருந்த அந்த 17 வருஷத்தில், பொட்டு வேண்டாம் என்று ஓடி வந்த பெண் எங்கே தங்கினாள்?

1930இல் அம்மையார் வீட்டுக் கதவை மூன்று பெண்கள் தட்டினார்கள். சின்ன வயசு. தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள். எங்களுக்கு இந்த வாழ்க்கை வேண்டாம், படிக்க வேண்டும் என்றார்கள். விடுதியில் சேர்க்க முயன்றார் அம்மையார். பிராமணப் பெண்களுக்கு ஒரு விடுதி இருந்தது, இடமில்லை என்றது. பிராமணர் அல்லாத பெண்களுக்கு ஒரு விடுதி இருந்தது, அதுவும் இடமில்லை என்றது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் இந்த மூன்று பெண்களைச் சேர்க்கக் கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போயின! அம்மையார் அந்தப் பெண்களுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் அவ்வை இல்லம். பிறகு அடையாறில் இடம் கிடைத்து, பள்ளிக்கூடமாகவும் விரிந்தது. மசோதா கொண்டுவந்தவர் என்ற முறையில், என் கடமை முடிந்தது, சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மூன்று பெண்கள் மட்டும் வந்த வழியே திரும்பிப் போயிருப்பார்கள்.

மணியைத் தொடாதீர்கள் அய்யா, ஒரே ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. (சிரிப்பு)

1923இல் அம்மையாரின் தங்கை இறந்துபோனார். வயிற்றுக்கடுப்பு என்று முதலில் வைத்தியம் பார்த்தார்கள். கடைசியில் அது புற்றுநோய். அக்கா டாக்டர், அக்காவின் கணவர் டாக்டர், அவர்கள் கண் முன்னாலேயே போய்விட்டார். எங்கள் வீட்டில் என் பாட்டி காலத்தில் அந்த நோயின் பெயரையே சொல்ல மாட்டார்கள். ‘அந்த வியாதி’ என்று குரலைத் தாழ்த்துவார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று டம்ளரைத் தனியாக வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இதற்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று 1935இல், மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் கேட்டார். எதிரணி நண்பர்களே, புற்றுநோய்க்குத் தடை உத்தரவு போட முடியுமா? (கைதட்டல்) 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறில் திறந்தார்கள். எத்தனை படுக்கை? 12. தங்கை போய் 31 வருஷம் ஆகியிருந்தது. அம்மையாருக்கு வயது 67.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வந்து சேர்ந்தார். 1955இல் டாக்டர் சாந்தா என்ற இளம்பெண், கையில் இருந்த அரசாங்க வேலை வேண்டாம் என்று இங்கே வந்தார். 2021இல் கண்ணை மூடுகிற வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. அவரை வரச்சொல்லி எந்தச் சட்டம் உத்தரவு போட்டது?

மணி அடித்துவிட்டது. நிலத்தை மீட்டுக் கொடுத்த 1929ஆம் வருஷத்துத் திருத்தத்தை எதிரணி எடுத்துக்கொள்ளட்டும், தாராளமாகத் தருகிறேன். அவ்வை இல்லத்தின் கதவையும் அடையாறின் 12 படுக்கைகளையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.