நீரிழிவும் தேகாப்பியாசமும்

நீரிழிவு கண்டவர் நடக்க வேண்டும் என்பது இன்று நேற்றுப் பிறந்த புத்திமதி அன்று. வடமொழி வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை அதனைப் பண்டே விதித்திருக்கின்றது. விதித்த முறைதான் விந்தையானது. நோயாளி வறியவனாயின், செருப்பும் குடையும் இன்றி, இரந்துண்டு, நூறு யோசனை தூரம் நடக்க வேண்டுமாம். அன்றேல் கிணறு வெட்ட வேண்டுமாம். வறுமையையே மருந்தாக்கிய இவ்விதியைப் படிப்போருக்கு மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் நினைவு வாராமற் போகாது.

நுவரெலியா மாவட்டத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளியை அடுத்துள்ளது டயகம. விடியலிற் பிரட்டுக் களத்திற் கூடி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, செங்குத்தான சரிவுகளில் ஏறி இறங்கிக் கொழுந்தெடுக்கும் பெண்கள் வாழும் இடம். இத்தகையோரை நீரிழிவு அணுகாது, அது பட்டணத்துச் செல்வரின் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 2005–2006 இல் இலங்கையில் நிகழ்ந்த பேராய்வு, வளர்ந்தோரில் நகரத்தாருள் 16.4 வீதத்தினருக்கும் கிராமத்தாருள் 8.7 வீதத்தினருக்கும் இந்நோய் உண்டெனக் கண்டது. கிராமத்துக் கணக்கும் சிறியதன்று.

உழைத்தவருக்கும் இது வருவதேன்? வேலை செய்யும் தசை, இன்சுலினின் துணை குன்றிய போதும் இரத்தத்திலுள்ள சீனியை உள்ளிழுத்துக் கொள்ளும். அப்பயன் ஓரிரு நாள் நின்று பின் மறைந்து விடும். சேமித்து வைக்க இயலாத செல்வம் அது. நாற்பது ஆண்டு மலையேறிய பெண் ஓய்வு பெற்று லயத்து வாசலில் அமர்ந்த பின், பழைய உழைப்பு அவளுக்குப் பெரிதும் துணை நில்லாது. கோதுமை மா ரொட்டியும் சீனி கலந்த தேநீரும் மாத்திரம் முன்போலத் தொடரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்து அப்போலினேர் புஷார்டா என்பார் நோயாளருக்கு உடலுழைப்பை வற்புறுத்தினார். 1870–71 இல் பிரசியப் படை அந்நகரை முற்றுகையிட்டு உணவு அருகிய காலத்தில், நோயாளரின் சிறுநீரிற் சீனி குறைந்தமையைக் கண்டவர் அவர். அதனினும் பெரிது அவர் செய்த வேறொன்று: சிறுநீரைத் தாமே சோதித்துப் பார்க்க நோயாளரைப் பழக்கினார். வைத்தியர் இல்லாத வீட்டிலும் வைத்தியரின் கண் ஒன்று இருக்கலாயிற்று. பின்னர், தாமே நீரிழிவு நோயாளராகிய இலண்டன் வைத்தியர் லோரன்ஸ், தேகாப்பியாசம் இன்சுலினின் வேகத்தைக் கூட்டும் என்பதை 1926 இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து ஜோஸ்லின், தாதியரை நோயாளரின் வீடுகளுக்கே அனுப்பினார்.

வானொலிக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. யப்பானில் 1928 நவம்பரில் தொடங்கிய வானொலித் தேகாப்பியாசம், இசையோடு வீடுதோறும் புகுந்தது. கோடை விடுமுறையில் அதிற் கலந்துகொள்ளும் சிறுவர்க்கு அட்டையில் முத்திரை பதிப்பர். குரல் யாவரையும் எட்டும். கையை உயர்த்தியவர் யார், உறங்கியவர் யார் என்பதை அது காணாது. அக்குறையை நிரப்பவே முத்திரை வேண்டியதாயிற்று போலும்.

காணும் கண்ணின் பெறுமதியை 2011 இற் பிரேசில் ஆய்வாளர் கணக்கிட்டனர். 47 ஆய்வுகளில் இடம்பெற்ற 8,538 நோயாளரின் விவரங்களை அவர்கள் ஒருங்கு சேர்த்து நோக்கினர். திட்டமிட்டு, ஒருவர் மேற்பார்வையிற் பயின்றோர்க்கு, இரண்டு மூன்று மாதச் சீனி நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 0.67 புள்ளி இறங்கியது. வாரத்துக்கு 150 நிமிடத்தைத் தாண்டியோர்க்கு 0.89 புள்ளி. உடலை அசையுங்கள் என்ற புத்திமதியோ, உணவு ஆலோசனையும் உடன் சேராவிடிற் பயன் தரவில்லை. நூறு யோசனை நடக்கச் சொல்லிவிட்டு ஆசிரமத்திலேயே இருந்துவிடும் வைத்தியம் போதாது என்பது தெளிவு.

தமிழ்நாட்டில் வைத்தியர் ராமச்சந்திரனும் குழுவினரும் தூரத்திலிருந்தே துணை செய்ய முயன்றனர். நீரிழிவின் வாசலில் நின்ற 537 ஆடவருள் ஒரு பகுதியினருக்குக் கைத்தொலைபேசியிற் குறுஞ்செய்திகளை அனுப்பி வந்தனர். 2013 இல் முடிவு வெளியாயிற்று. இரண்டு ஆண்டில், செய்தி பெறாதோருள் 27 வீதத்தினரும் பெற்றோருள் 18 வீதத்தினரும் நோயுற்றனர். நற்பயனே. எனினும் ஆய்வில் இருந்தோர் யாவரும் ஆடவர். குறுஞ்செய்தியும் வானொலி போலக் கண்ணில்லாதது. 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, பல நாடுகளில் இயன்மருத்துவர்கள் கைத்தொலைபேசித் திரை வழியாக நோயாளரை நேரிற் பார்த்தே பயிற்றலாயினர். கண் கிடைத்தது.

டயகம போன்ற இடத்துக்கு இது மிகவும் பொருந்தும். நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ சென்று திரும்பினால் ஒரு நாட் சம்பளம் போகும். பழைய லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். ஆயினும் நாற்காலியிலிருந்து எழுந்தெழுந்து அமரவும், சுவரிற் கையூன்றித் தள்ளவும், குதிகாலை உயர்த்தி இறக்கவும் அவ்விடம் போதும்.

கண்காணிப்பு என்பது மலைநாட்டில் இனிய சொல் அன்று. கங்காணி என்ற பெயரே கண்காணியிலிருந்து வந்தது. செக்றோலில் விழுந்த பெயர் தோட்டத்தின் கணக்குக்காக விழுந்தது. இப்புதிய கண்காணிப்பிலோ நேரத்தைக் குறிப்பவரும், வேண்டாமென நிறுத்த உரிமையுடையவரும் நோயாளியாகவே இருத்தல் வேண்டும். பதிவேடும் அவர் கையில் இருப்பதே முறை.

சுசுருதர் சொன்ன வெறுங்கால் நடை மாத்திரம் இன்று அறவே விலக்கத்தக்கது. உணர்ச்சி குன்றிய பாதத்துக்குக் கல் குத்தியதும் அட்டை கடித்ததும் தெரியா. ஆதலின் திரைக்கு அப்பாலுள்ளவர், நாடியைக் கேட்குமுன் உள்ளங்காலைக் காட்டச் சொல்வது நன்று. இன்சுலின் ஏற்றுவோராயின் சாப்பிட்டாயிற்றா என்றும் கேட்க வேண்டும். சீனி தாழ்ந்து மயக்கம் வரின் உண்பதற்கு இனிப்பு ஏதேனும் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.