பிள்ளைகளைக் கப்பலேற்றிய அம்மாக்கள்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் ஏறிப் பாருங்க. மடியில் எக்ஸ்ரே கவரோடு நாலு பேராவது உட்கார்ந்திருப்பாங்க. எங்க ஊரில் "வேலூருக்குப் போறோம்" என்றால் பாதி நேரம் சிஎம்சிக்குப் போறோம் என்றுதான் அர்த்தம். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சின்ன மருந்தகம் இன்று அத்தனை பெரிய ஆஸ்பத்திரியாக நிற்கிறது.

ஐடாவைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்தது திண்டிவனத்து இரவு. ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வலியில் துடிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க ஒரு பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டது, ஆண் டாக்டரான அப்பாவை அவர்கள் வேண்டாம் என்றது, விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தது. பாடப்புத்தகக் கதை மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்ல வருவது அதற்குச் சில வருஷங்கள் முந்தி நடந்தது. ஐடாவுக்குப் பதினான்கை ஒட்டிய வயது. குடும்பம் அமெரிக்காவில் இருந்தது. அப்பா ஜான் ஸ்கடர் ஏற்கெனவே இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். இப்போது அம்மா சோஃபியாவும் அவரிடம் கிளம்பினார், மகளை சிகாகோவில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு. அன்று ராத்திரி அந்தப் பெண் அம்மாவின் தலையணையில் முகம் புதைத்து அழுதாள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வரும்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரார் பிள்ளைக்காகத் தன் பிள்ளையை விட்டுட்டுப் போறதா? பிறகு அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். ஸ்கடர்கள் நமக்கு அந்நியர் இல்லை. எங்க ஊரில் மிஷன் என்றால் டேனிஷ் மிஷன்தான், அது வேறு. ஆனால் இன்று எங்க மாவட்டத்தில் இருக்கும் ஆரணி, ஸ்கடர் சகோதரர்களின் ஆற்காடு மிஷனுடைய ஆரம்பகால நிலையங்களில் ஒன்று. அந்தச் சகோதரர்கள் எங்கே பிறந்தார்கள் என்று பார்த்தால் கதை யாழ்ப்பாணத்துக்குப் போகிறது, 1819க்கு.

அந்த வருஷம் ஜூன் 8ஆம் தேதி பாஸ்டனிலிருந்து 'இண்டஸ்' என்ற கப்பல் கிளம்பியது. அதில் இரண்டு ஹாரியட்கள். ஒருவர் நியூயார்க் டாக்டர் ஜான் ஸ்கடரின் மனைவி. (இந்த ஜான், ஐடாவின் தாத்தா. அந்தக் குடும்பத்தில் பெயருக்கு ரொம்பப் பஞ்சம். யார் எந்த ஜான் என்று நான் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டுதான் படித்தேன்.) இன்னொருவர் மைரன் வின்ஸ்லோவின் மனைவி. 1862இல் வெளிவந்த, 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட தமிழ் அகராதியின் வின்ஸ்லோ இவர்தான். கப்பல் கல்கத்தா சேர நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்கடர் தம்பதியின் சின்ன மகள் அங்கேயே இறந்துபோனாள். யாழ்ப்பாணத்தில் கால் வைக்கும் முன்பே ஹாரியட் ஸ்கடர் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்.

இந்தப் பெண்கள் எப்படிப்பட்ட அம்மாக்கள் என்பதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். அவர்கள் வளர்ந்த நியூ இங்கிலாந்தில் அப்போது தாய்மை பற்றிய எண்ணமே மாறிக்கொண்டிருந்தது. அதுவரை பிள்ளையின் ஆன்மாவுக்குப் பொறுப்பு அப்பாவும் பாதிரியாரும். இப்போது அது அம்மா மடிக்கு வந்தது. 1815இல் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் முதல் தாய்மார் சங்கம் கூடியது. பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று சேர்ந்து படிப்பார்கள், ஜெபிப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளிலும் அம்மா அந்தப் பிள்ளைக்காகத் தனியே ஜெபத்தில் இருக்க வேண்டும் என்பது இத்தகைய சங்கங்களின் விதிகளில் ஒன்று. 1833இல் 'மதர்ஸ் மேகசின்' என்று ஒரு பத்திரிகையே வந்தது. கேக் வெட்டுகிற நாள் இல்லை, உபவாசம் இருக்கிற நாள்! ஹாரியட் ஸ்கடர் இதைக் கடைசிவரை கடைப்பிடித்தவர் என்று மிஷன் நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

பண்டத்தரிப்பில் ஸ்கடர் வீடு. 1822இல் ஹென்றி மார்ட்டின், அடுத்த வருஷம் வில்லியம், பிறகு ஜோசப், எசேக்கியேல், ஜாரெட், சைலஸ், 1835இல் ஜான் (ஐடாவின் அப்பா) என்று வரிசையாகப் பிறந்தார்கள். வெக்கை, காலரா, காய்ச்சல். அம்மாவுக்கு மிஷன் வேலையும் உண்டு. ஆகவே பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தது பெரும்பகுதி தமிழ் ஆயாக்கள். அவர்கள் காதில் முதலில் விழுந்ததும் தமிழ்தான்.

இங்கேதான் சிக்கல். அந்தக் காலத்து மிஷனரித் தாய்மார் பலருக்குப் புலி, பாம்பைவிடப் பெரிய பயம் வேலைக்காரர் பேச்சு. பிள்ளை என்ன கேட்கிறது, எந்தக் கெட்ட வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறது, எந்தக் கோயில் திருவிழாவை வேடிக்கை பார்க்கிறது? ஹவாயில் லூசி தர்ஸ்டன் என்ற அம்மா வீட்டையே பிரித்துக் கட்டினார். ஊர்க்காரர் வந்துபோகும் பகுதி ஒன்று, பிள்ளைகள் இருக்கும் பகுதி வேறு, நடுவில் வேலி. ஊர்மொழி பிள்ளைகள் காதில் விழக்கூடாது. யாழ்ப்பாணத்து வளவில் இதெல்லாம் நடக்கிற காரியமா? அதோடு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது, வளர்ந்தால் வேலையும் கல்யாணமும் எங்கே என்று தெரியாது. விடை எல்லாருக்கும் ஒன்றாகவே வந்தது. எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி, சொந்தக்காரரிடமோ மிஷன் நண்பர்களிடமோ ஒப்படைப்பது. போனால் அடுத்து பார்ப்பது பத்து வருஷம் கழித்து. பார்க்காமலே போவதும் உண்டு.

இன்னொரு ஹாரியட்டுக்கு அதுதான் நடந்தது. வின்ஸ்லோவின் மகன் சார்லஸ் 1821இல் பிறந்தவன். கப்பலேறி அமெரிக்கா போனவன் 1832 மே மாதம் நியூயார்க்கில் இறந்தான். பதினோரு வயது. கடிதம் வர மாதக்கணக்கு ஆகும் காலம். பிள்ளை உயிரோடு இல்லாத நாட்களிலும் அம்மா உடுவிலில் உட்கார்ந்து அவனுக்காக ஜெபித்துக்கொண்டிருந்திருப்பார். அடுத்த ஜனவரியில், 1833இல், அவரும் இறந்துபோனார்.

இந்த ஹாரியட் வின்ஸ்லோதான் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர். இன்றும் இயங்கும் பள்ளி. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில் தொடங்கியது. பாராட்டு இதற்குப் போதுமான அளவு எழுதப்பட்டிருக்கிறது, எனக்கு இதன் மறுபக்கம்தான் உறுத்தியது. அங்கே பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும்: படிப்பு முடியும்வரை திரும்பக் கூட்டிப்போக மாட்டோம், கல்யாணத்துக்கும் மிஷனின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் சீதனம் மிஷன் தரும். விடுதிப் பிள்ளைகளில் பலருக்கு அமெரிக்காவில் பணம் கட்டிய தருமவானின் பெயரை வைப்பார்கள். நமக்கு இது பையன்கள் வழியாக நன்றாகத் தெரியும். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை ஏன் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான விசுவநாதபிள்ளை ஏன் கரோல் விசுவநாதபிள்ளை? இதனால்தான்.

ஆக, இரண்டு திசையில் பிள்ளைகள் நகர்ந்தார்கள். தமிழ் வீட்டுச் சூழலில் தன் பிள்ளை கெட்டுவிடும் என்று அமெரிக்கத் தாய் அவனைக் கப்பலேற்றுகிறார். அதே சூழலிலிருந்து தமிழ்த் தாயின் மகளை விடுதிக்குள் எடுத்து, ஒரு நாள் அவள் நல்ல கிறிஸ்தவத் தாயாக வேண்டும் என்று வளர்க்கிறார். இரண்டுக்கும் அடிப்படை ஒரே நம்பிக்கை: தாய்மடிதான் முதல் பள்ளிக்கூடம். அந்த நம்பிக்கையை இவ்வளவு உறுதியாகப் பிடித்தவர்களின் மடிகள்தான் இரண்டு பக்கமும் காலியாக இருந்தன. வின்ஸ்லோ அம்மாவின் கடிதங்களும் நாட்குறிப்பும் நூலாக வந்துவிட்டன, அவர் துக்கம் நமக்குத் தெரியும். உடுவிலில் மகளை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. மகளுக்குத்தான் தெரியும்.

1840இல் அந்தப் பள்ளிக்கு எலைசா ஆக்னியூ என்ற கல்யாணமாகாத பெண் வந்தார். 1879 வரை நடத்தினார். தாய்நாட்டுக்கு ஒரு தடவைகூடத் திரும்பாமல் 1883இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்குப் பாடம் சொன்னவர். அவரை 'ஆயிரம் மகள்களின் தாய்' என்பார்கள். இந்தக் கதையில் பிள்ளைகளைப் பிரியாமல் வளர்த்த ஒரே அம்மா, பெறாத அம்மா!

ஸ்கடர் வீட்டுக்கு வருகிறேன். 1836இல் ஸ்கடரும் வின்ஸ்லோவும் சென்னைக்கு மாறினார்கள். கப்பலேறிய மகன்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். 1844இல் ஹென்றி மார்ட்டின் முதலில் வந்தார். ஏழு மகன்கள், இரண்டு மகள்கள் மிஷன் வேலையில் சேர்ந்தார்கள். எட்டாவது மகன் சாமுவேல் அமெரிக்காவில் இறையியல் படிக்கும்போதே இறந்தார். ஹாரியட் ஸ்கடர் 1849இல் சென்னையில் காலமானார். 1853இல் ஹென்றி, வில்லியம், ஜோசப் மூவரும் சேர்ந்து ஆற்காடு மிஷனை முறையாக அமைத்தபோது பார்க்க அவர் இல்லை.

மிஷன் நூல்கள் இதை அம்மாவின் பிறந்தநாள் ஜெபத்துக்குக் கிடைத்த பலன் என்று எழுதும். இருக்கலாம், நம்பிக்கையோடு நான் மல்லுக்கட்டவில்லை. ஆனால் வேறொன்றையும் பார்க்கணும். அந்தக் காலத்தில் மற்ற மிஷன்கள் ஆங்கிலப் பள்ளி நடத்தி மேல்சாதிப் பையன்களைப் பிடித்துக்கொண்டிருக்க, ஸ்கடர் சகோதரர்கள் ஆங்கிலப் பள்ளியே வேண்டாம், கிராமம் கிராமமாகப் போய்த் தமிழிலேயே பேசுவோம் என்று கொள்கை வைத்தார்கள். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அம்மாக்கள் எந்தப் பேச்சுக்குப் பயந்து பிள்ளைகளை அனுப்பினார்களோ, அந்த ஆயா பேச்சிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பண்டத்தரிப்பு வாசலில் காதில் ஏறிய தமிழ் ஆரணி, ஆற்காடு தெருக்களில் சோறு போட்டது.

ஒரு சின்ன விலகல். நம்ம சாஃப்ட்வேர் பசங்க வாஷிங்டனில் இறங்கும் டலஸ் விமான நிலையம் ஜான் ஃபாஸ்டர் டலஸ் பெயரில் இருக்கிறது. அவர் உடுவில் ஹாரியட் வின்ஸ்லோவின் கொள்ளுப்பேரன். வின்ஸ்லோவின் மகள், அவரும் ஒரு ஹாரியட், யாழ்ப்பாணத்தில் பிறந்து, சென்னையில் மிஷனரியாக இருந்த ஜான் வெல்ஷ் டலஸை மணந்தவர். அங்கே இறங்கி வீடு கட்டிய என் நண்பர்கள் ஃபோன் பண்ணினால் பேச்சு எங்கே முடியும் தெரியுமா? "பசங்க இங்கிலீஷ்லயே பேசுதுங்கடா, ஊருக்கு அனுப்பி அம்மாகிட்ட ஒரு வருஷம் விடலாமான்னு பாக்குறோம்." பயம் அதே பயம், கப்பல்தான் எதிர்த்திசையில். இங்கே எங்க தெருவிலோ பத்தாவது வந்தவுடன் பையனை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் தள்ளி, மாதம் ஒரு ஞாயிறு புளிசாதம் கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். மதம் இல்லை, மார்க்.

இந்தப் பிரிவை அம்மாக்களே பிறகு மாற்ற முயன்றார்கள். ஹவாயில் 1841இலேயே மிஷனரிப் பிள்ளைகளுக்காகப் புனஹோ பள்ளி வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு அது வர அறுபது வருஷம் பிடித்தது. 1845 முதல் அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கு ஒதுங்கிய கொடைக்கானலில், 1901இல் ஒரு பள்ளி தொடங்கியது. முதலில் பொறுப்பேற்றவர் மார்கரெட் எடி. இந்தியாவில் மிஷன் வேலையில் இருந்த மகன் ஷெர்வுட் எடியைப் பார்க்க வந்தவர்! மகனைப் பார்க்க ஓடிவந்த ஒரு அம்மா அந்தப் பொறுப்பில் உட்கார்ந்தது பொருத்தம்தான். மலையில் விடுதி என்றாலும் கடல் தாண்ட வேண்டாம். கோடையில் அம்மாக்கள் மேலே வந்து பிள்ளைகளோடு இருந்தார்கள்.

ஐடாவுக்கு அந்தப் பள்ளி கிடைக்கவில்லை, முப்பது வருஷம் முந்திப் பிறந்துவிட்டார். நார்த்ஃபீல்டில் படித்தார். இந்தியாவுக்குத் திரும்பவே கூடாது, மிஷனரியாகவே ஆகக்கூடாது என்றுதான் இருந்தார். 1890இல் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்ததால் மட்டுமே திண்டிவனம் வந்தார். வந்த இடத்தில்தான் அந்த மூன்று கதவுத் தட்டல்கள். பிறகு மருத்துவம் படிக்கப் போய், 1900 ஜனவரியில் டாக்டராக வேலூர் வந்து சேர்ந்தார். அதே வருஷம் அப்பா இறந்துவிட்டார்.

சோஃபியா ஊர் திரும்பவில்லை. வேலூரில் மகள் வீட்டிலேயே இருந்தார். 1902இல் ஷெல் ஆஸ்பத்திரி திறந்ததையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியதையும் பார்த்தார். 1925இல் இறக்கும்வரை, கால் நூற்றாண்டு, அம்மாவும் மகளும் ஒரே கூரையின் கீழ்.