தூக்கியெறியும் பெயர்

பாலிஸ்டைரீன் என்றால் நம்மூரில் தெர்மகோல். டிவி வாங்கினால் கூடவே வரும், டிவியை வெளியே எடுத்ததும் குப்பைக்குப் போகும். 1976ல் லண்டனில் 19 வயதுப் பெண் ஒருவர் மஞ்சள் பக்கங்களைப் புரட்டித் தனக்கென்று பொறுக்கிக்கொண்ட மேடைப்பெயர் அது: பாலி ஸ்டைரீன். பாப் நட்சத்திரங்களும் இப்படித்தானே, மலிவாகச் செய்வார்கள், வேலை முடிந்ததும் வீசுவார்கள் என்கிற கிண்டல்.

இயற்பெயர் மரியான் ஜோன் எலியட்-சயீத். அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரர். வளர்ந்தது பிரிக்ஸ்டனில். 1976 ஜூலை 3, தன் பிறந்தநாளன்று, ஹேஸ்டிங்ஸ் கடற்பாலத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசிப்பதைப் பார்த்தார். இவங்களால முடியும்னா நம்மாலயும் முடியும் என்று தோன்றியிருக்க வேண்டும். இசைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். அதுதான் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்.

பங்க் என்றால் கிடார், டிரம்ஸ், கத்தல். இவர்களிடம் கூடவே ஒரு சாக்ஸபோன் இருந்தது. அதை வாசித்த லோரா லாஜிக் பள்ளிக்கூட வயதுப் பெண். முன்னால் நின்று பாடியவரோ பல்லுக்குக் கம்பி போட்டவர், கண்ணைப் பறிக்கும் நிறங்களில் உடுத்தியவர். பார்ப்பவர்களுக்குப் பிடிக்க வேண்டுமே என்ற கவலை அந்த மேடையில் கிடையாது.

1977ல் வந்த முதல் இசைத்தட்டு ‘ஓ பாண்டேஜ் அப் யுவர்ஸ்!’. தலைப்பைப் பார்த்துப் பலர் பாலியல் சமாச்சாரம் என்று நினைத்தார்கள். அவர் உதறச் சொன்னது எல்லா விலங்குகளையும்தான், கடை போட்ட விலங்கு உட்பட. 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் நடந்த இனவெறி எதிர்ப்பு இசைவிழாவில் பாடினார். அதே ஆண்டு நவம்பரில் ‘ஜெர்ம்ஃப்ரீ அடலசென்ட்ஸ்’ ஆல்பம் வந்தது. பிளாஸ்டிக், விளம்பரம், மரபணுப் பொறியியல், சுத்தப் பைத்தியம்: இன்றைக்கு நாம் மாரடிக்கிற விஷயங்கள் முக்கால்வாசி அதிலேயே இருக்கின்றன.

கிண்டல் செய்தால் இயந்திரம் நின்றுவிடுமா? ஓயாத பயணத்தின் நடுவே, டான்காஸ்டரில் ஒரு கச்சேரி முடிந்த இரவு, வானத்தில் இளஞ்சிவப்பு ஒளியைப் பார்த்ததாகச் சொன்னார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனச்சிதைவு என்றார்கள். அது இருமுனைக் கோளாறு என்று சரியாகக் கண்டறிய 1991 வரை ஆனது. அதற்கு வெகுமுன்னரே, 1979ல், அவர் குழுவை விட்டிருந்தார். 1980ல் மென்மையான ஒரு தனி ஆல்பம். பிறகு ஹரே கிருஷ்ணா இயக்கம், ஆசிரம வாழ்க்கை.

இதற்கான விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. மகள் செலஸ்ட் பெல் பாட்டியிடம் வளர வேண்டியிருந்தது. அந்த மகளே 2021ல் பால் சங்குடன் சேர்ந்து அம்மாவைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அதில் அம்மாவைத் தெய்வமாக்கவும் இல்லை, குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. அதனாலேயே நம்ப முடிகிறது.

2011 மார்ச்சில் கடைசி ஆல்பம் வந்தது. ஏப்ரல் 25 அன்று மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வயது 53. அந்தக் காலத்தில் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் வெளியிட்டது ஒரே ஆல்பம்தான். ஒன்றுதானே என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், ஒரு தடவை சத்தமாக வைத்துக் கேளுங்கள். சாக்ஸபோனை மீறி அந்தக் குரல் மேலே ஏறுகிற இடம் ஒன்று வரும். தூக்கியெறியச் செய்த பொருளின் சத்தம் இல்லை அது.