எந்தப் பதிப்பை நிறுவுவது?

மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் 1950களில் நிறுவப்பட்ட கடதாசி ஆலை, நெல் வயலின் வைக்கோலைத் தாளாக்கிற்று. அன்று எழுத்தைத் தாங்கியது தாள். இன்று கணினியும் தாங்குகின்றது. தாளை வாங்கியோர் அதற்கு முழு உடைமையாளர். கணினியை வாங்கியோர் நிலை வேறு. அதில் நிறுவப்படும் பணிசெயல் முறைமையின் பதிப்பு எதுவோ, அதன் அளவே அவர்தம் உரிமை.

2001ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பி முறைமையை இல்லத்துக்கு ஒன்றும் தொழிலுக்கு ஒன்றுமாக வெளியிட்டது. 2004இல் வளர்முக நாடுகள் சிலவற்றுக்கென மலிவான தொடக்கப் பதிப்பொன்று வந்தது. அதில் ஒரே வேளையில் மூன்று செயலிகளுக்கு மேல் இயங்கா. விலையோடு கருவியின் ஆற்றலும் குறைக்கப்பட்டது.

இந்தியாவில் மாற்று வழியொன்று தோன்றிற்று. அரசு நிறுவனமான சி-டாக், டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்டு 'பொஸ்' எனும் முறைமையை 2007இல் வெளியிட்டது. அதற்குக் கட்டணமில்லை, மூலநிரலும் திறந்திருந்தது.

2014 ஏப்ரல் 8ஆம் நாள் எக்ஸ்பிக்கான பொதுப் பராமரிப்பு நின்றது. இல்லப் பதிப்பும் தொழிற் பதிப்பும் ஒரே நாளில் கைவிடப்பட்டன. கூடுதல் விலை கூடுதல் ஆயுளைத் தரவில்லை. அதனையொட்டித் தமிழ்நாட்டு அரசு தன் துறைகளுக்குப் பொஸ் முறைமையைப் பரிந்துரைத்தது.

கட்டணமற்ற முறைமையின் பதிப்புகளுக்கும் காலவெல்லை உண்டு. ஆயின் அடுத்த பதிப்புக்குப் பொருள் செலுத்த வேண்டுவதில்லை. ஆகவே பதிப்பைத் தேர்வோர் விலையை மட்டுமன்றி, அது எதுவரை பேணப்படும், நிறுத்தும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பவற்றையும் வினவுதல் தகும்.